கீறல் விழாத பூட்டு

அணில்கள் மழைக்காலத்துக்குக் கொட்டை சேர்த்து வைக்கும் பொதுக் களஞ்சியத்தில் ஒரு பூட்டு தொங்கியது. புதிதாகத் தலைவரான நரி, "நமக்குள்ளே நம்பிக்கை இருக்கும்போது பூட்டு எதற்கு?" என்று அதைக் கழற்றித் தன் வீட்டு ஆணியில் மாட்டியது.

காற்றில் களஞ்சியக் கதவு அடித்துக்கொள்ளும் போதெல்லாம் பூட்டு தன் பழைய நாதாங்கியை நினைத்து ஏங்கும். பெருச்சாளிகள் போய்வரும் சத்தமும் கேட்கும். "தலைவரே, என்னைத் திரும்ப மாட்டிவிடுங்களேன்" என்று கெஞ்சும்.

"ஓய்வு கொடுத்தால் அனுபவியேன்!" என்று நரி சிரிக்கும்.

மழை வந்தது, களஞ்சியம் காலி. தேர்தலும் வந்தது. நரி பூட்டைக் கையில் எடுத்தது. கதவுக்குத்தான் போகிறோம் என்று பூட்டு பூரித்துப்போனது.

நரி ஏறியது மேடையில். "என் ஆட்சியில் களஞ்சியப் பூட்டை எவனாவது உடைத்தானா? ஒரு கீறலாவது இருக்கிறதா, பாருங்கள்!"

வயிறு ஒட்டிப்போன அணில்கள் கைதட்டின. பூட்டு மறுபடி ஆணிக்கே போனது.