ஒற்றைக் கொம்பு எருமை

குணாளன் மோட்டார் சைக்கிளை ரப்பர்க் காட்டு ஓரமாக நிறுத்திவிட்டு எருமைக்காகக் காத்திருந்தான். கொம்பு ஒன்றுதான் இருக்கும், முதுகெல்லாம் பாசி படிந்திருக்கும் என்று மனைவி யோகேஸ்வரி அடையாளம் சொல்லியிருந்தாள். பாலிங் ஊர்ப் பக்கம் பகல் நேரத்தில் வரும் என்பது அவனே விசாரித்துத் தெரிந்துகொண்டது.

புல் வெட்டும் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவர், என்ன தேடுகிறான் என்று விசாரித்தார். எருமை என்றான். அவர் பாவம், மெஷினை இறக்கி வைத்துவிட்டு நாலு பக்கமும் பார்த்தார்.

"இங்க யாரும் எரும வளக்கலையே தம்பி. மாடுதான் இருக்கு, அதுவும் ரெண்டு கொம்போட."

குணாளன் கைப்பேசியைக் காட்டினான். திரையில் காடு, வலை, ஓடிப் பிடிக்கும் விளையாட்டு. பெரியவர் திரையை எட்டிப் பார்த்துவிட்டு மெஷினை மாட்டிக்கொண்டு நடந்தார். தொழிற்சாலைச் சீருடை போட்ட நாற்பத்தேழு வயது ஆள் வேலை நேரத்தில் கேம் விளையாடினால் அவர்தான் என்ன சொல்வார்?

வேலை இருந்தால்தானே வேலை நேரம். கூலிம் நகரத் தொழிற்சாலையில் குணாளனை வேலையிலிருந்து நிறுத்தி ஆறு வாரமாகிவிட்டது. ஆனாலும் காலை ஆறு மணிக்குச் சீருடை மாட்டிக்கொண்டு பாடாங் செராயில் உள்ள வீட்டைவிட்டுக் கிளம்புவான், மாலை ஆறரைக்குத் திரும்புவான். நடுவில் உள்ள பன்னிரண்டு மணி நேரத்தை எங்கே கொண்டுபோய்த் தள்ளுவது என்பதுதான் அவன் பாடு.

யோகேஸ்வரிக்குத் தெரியக்கூடாது. அவளும் வேறொரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவள்தான். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து, தொடையில் இரும்புத் தகடு வைத்துப் படுத்திருக்கிறாள். இப்போதைக்குக் காலை ஊன்றினால் மறுபடியும் அறுக்க வேண்டிவரும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். புருஷனுக்கு வேலை போனது தெரிந்தால் அன்றைக்கே தடியை ஊன்றிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவாள், அப்படிப்பட்ட பிடிவாதக்காரி.

படுத்தே கிடப்பவளுக்குப் பொழுது போகட்டும் என்று பக்கத்து வீட்டு சாந்தினிதான் இருவர் கைப்பேசியிலும் அந்த கேமைப் போட்டுக் கொடுத்தாள். ஊர் ஊராக நடந்தால்தான் அதில் விலங்குகள் கண்ணில் படும். பிடித்ததை இன்னொருவருக்குக் கொடுக்க, இரண்டு கைப்பேசியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். நடக்க முடியாதவளுக்காக குணாளன் நடந்தான்.

முதலில் ஒரு தவளை கொண்டுவந்தான். அதைப் பார்த்து அவள் முகம் மலர்ந்தது, உடனே அடுத்ததைக் கேட்டாள். செமிலிங்கில் வௌவால், மெர்போக் ஆற்றோரம் நண்டு என்று அவள் கேட்கக் கேட்க இவன் அலைந்தான். வெயிலில் கழுத்து கறுத்துப் போனது, ராத்திரியில் முழங்கால் விண் விண் என்று தெறித்தது. நிஜமாகவே வேலைக்குப் போன நாளில்கூட இவ்வளவு அலுப்பு இருந்ததில்லை.

ஒருவழியாக எருமை வந்தது. இரண்டு முறை வலையை உதறிக்கொண்டு ஓடியது. மூன்றாம் முறை சிக்கியபோது அவனுக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. மரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

மாலை வீட்டுக்கு வந்ததும் இரண்டு கைப்பேசிகளையும் கட்டிலில் சேர்த்து வைத்தார்கள். எருமை இவனிடமிருந்து அவளிடம் போனது. தொழிற்சாலைக் கேண்டீனுக்குப் பின்னால் பிடித்ததாகச் சொன்னான். யோகேஸ்வரி கண்ணாடியைப் போட்டு, எருமைக்குக் கீழே இருந்த பொடி எழுத்தை வழக்கம்போல ஒருமுறை படித்துவிட்டு, கைப்பேசியைத் தலையணை ஓரமாக வைத்தாள்.

குணாளனுக்குச் சுருக்கென்றது. பிடித்த விலங்கைச் சண்டைக்கு விடலாம், கோயில் வாசலில் காவலுக்கு நிறுத்தலாம் என்று சாந்தினி எல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தாள். இவள் ஒன்றையும் தொட்டதில்லை.

"இத்தன புடிச்சிக் குடுத்தேனே, ஒன்னையாச்சும் சண்டைக்கு விட்டியா நீ?"

யோகேஸ்வரி கைப்பேசியை எடுத்து, அந்தப் பொடி எழுத்தைப் பெரிதாக்கி அவன் பக்கம் திருப்பினாள். ஒவ்வொரு விலங்கும் எங்கே, எப்போது பிடிபட்டது என்று கேம் தானாகவே எழுதி வைத்திருந்தது. பாலிங், புதன்கிழமை, காலை பதினொன்று நாற்பது.

குணாளன் அதை இரண்டு முறை படித்தான்.

"எப்பலேருந்து தெரியும்?"

"மொத தவளையிலேருந்து."

அவன் பதறிப்போனான். வேலைக்கு மட்டும் கிளம்பிவிடாதே, தகடு நகர்ந்துவிடும் என்று அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினான். கிளம்புவதாக இருந்தால் அன்றைக்கே கிளம்பியிருப்பேன் என்றாள் அவள்.

"மொத ஒரு வாரம் வந்து சொவத்தப் பாத்தே உக்காந்திருந்தீங்க. சோறு எறங்கல. அந்தத் தவள கெடச்ச அன்னிக்குத்தான் ரெண்டு வாட்டி போட்டுச் சாப்பிட்டீங்க."

குணாளன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அழுகையோடு கொஞ்சம் கோபமும் வந்தது.

"இந்த எருமைக்கு எவ்ளோ தூரம் அலஞ்சேன் தெரியுமா? நீ அவ்ளோ ஆசையா கேட்டியேன்னுதான்லா."

யோகேஸ்வரி கண்ணாடியைக் கழற்றினாள்.

"எனக்கு இந்த கேம் புடிக்கவே புடிக்காதுங்க."