பதினோரு விருந்தாளிகள்

இசைத்தட்டுக் கடை திறப்பதற்குள், வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் பரீட்சை வைத்து முடித்திருந்தான் பேஸ் கிதார் மாஸ்டரின் ரசிகர் மன்றத் தலைவன். அவன் தொப்பைமேல் மாஸ்டரின் இளமைக்கால முகம் பனியனோடு சேர்ந்து இழுபட்டுக் கிடந்தது. கடைசியில், எல்லோருக்கும் முன்னால் நின்ற அம்மாள் சிக்கினாள்.

"மாஸ்டரோட முதல் ஆல்பம் எதும்மா?"

"மறந்து போச்சுப்பா."

"அவர் பேஸ் கிதார்ல எத்தனை கம்பி?"

"எண்ணிப் பாத்ததில்ல."

கூட்டம் சிரித்தது.

"இதுகூடத் தெரியாம ஃபங்க் இசை ஆல்பம் வாங்க வந்துட்டீங்க! பதினஞ்சு வருஷம் கழிச்சு மாஸ்டரோட ஆல்பம் வருது. பதினோரு பிரபலங்க வாசிச்சிருக்காங்க. உங்களுக்கு என்னத்தப் புரியப் போகுது?"

கடை திறந்தது. முதல் பிரதியை வாங்கிய அம்மாள் அதை அவனிடமே நீட்டினாள்.

"கண்ணாடி கொண்டு வரல. யார் யார் எந்தப் பாட்டுல வாசிச்சாங்கன்னு பின்னாடி போட்டிருக்குமே, படியேன்."

அவன் ஊருக்கே கேட்கும்படி படித்தான். மொத்தம் பன்னிரண்டு பாட்டு, முதல் பதினொன்றிலும் பேஸ் கிதார் வாசித்தது பாட்டுக்கொரு பிரபலம்.

"மாஸ்டர் எதுல வாசிச்சிருக்கார்?"

"பன்னிரண்டாவது பாட்டுல..." அவன் குரல் இறங்கியது. "கைதட்டல்."

"அவ்வளவுதானா?"

"கைதட்டுறதுன்னா லேசாம்மா? இந்த ஆல்பத்துக்காக ரெண்டு வருஷம், சனி ஞாயிறுகூட வீட்டுக்குப் போகாம ஸ்டுடியோவுலயே கிடந்தாராம். பேட்டியில அவரே சொல்லியிருக்கார்!"

அம்மாள் இசைத்தட்டை வாங்கிப் பைக்குள் திணித்தாள்.

"என்கிட்டயும் அதைத்தான் சொன்னார். இன்னிக்கு வீட்டுக்கு வரட்டும்."