நீலத்துக்குள் ஒரு மனை

காக்ஸ் டவுன் வாடகை வீட்டின் சாப்பாட்டு மேசையில் வெள்ளைக்காரன் காலத்து வரைபடம் ஒன்று விரிந்து கிடக்கிறது. சுருளப் பார்க்கும் மூலைகளை ஊறுகாய் ஜாடியும் உப்புக் கிண்ணமும் அழுத்திப் பிடித்திருக்கின்றன. தாங்கள் புதிதாக வாங்கிய மனையையும் சுற்றுப்புறத்தையும் அதே அளவில் வரைந்த டிரேசிங் தாளை அதன்மேல் வைக்கிறாள் தமயந்தி. அன்றும் இன்றும் இடம் மாறாதவை ரயில் பாதையும் சர்ச்சும்தான். அவற்றைப் பொருத்தினால் மனை, இன்று இல்லாத ஒரு ஏரியின் நீலத்துக்குள் போய் உட்காருகிறது. விரல் நுனியால் தாளை மெல்ல நகர்த்துகிறாள். மனை கரையேறுகிறது, சர்ச் தண்ணீருக்குள் இறங்குகிறது. பழைய இடத்துக்கே இழுத்து வைக்கிறாள். வெயில் மேசையை விட்டு நழுவுகிறது. டெலிபோன் அடிக்கிறது. மனையில் போர்வெல் போடப் போயிருக்கும் கணவன் கவியரசன்தான். பின்னால் யாரோ கன்னடத்தில் சிரிக்கிறார்கள். "தமா, நம்ம அதிர்ஷ்டத்தப் பாரு. பக்கத்து லேஅவுட்ல முந்நூறு அடி போயும் புழுதிதான் வந்துச்சாம். நமக்கு இருபது அடியிலயே தண்ணி பொங்குது. தேங்கா ஒடச்சாச்சு. நாளைக்கே அஸ்திவாரம் தோண்டலாம்ங்கறார் மேஸ்திரி. லைன்ல இருக்கியா?" "இருக்கேங்க," என்கிறாள். அவன் குரலுக்குப் பின்னால் தண்ணீர் பொங்கும் சத்தம் அவளுக்கு நன்றாகவே கேட்கிறது.