ஜன்னலோர ஊசிகள்

மூட்டு மருத்துவ மேதை சுழல்நாற்காலியில் சாய்ந்தபடி நோயாளியைக் குற்றவாளியாக்கிக்கொண்டிருக்கிறார். "மூட்டு உரசாம இருக்க முழங்கால்ல ஊசியாப் போட்ட ஹயலூரானிக் ஜெல் ஒரு மாசத்துல கரைஞ்சுபோச்சுன்னா, தப்பு உங்க மேலதாம்மா. காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டீங்க. நாள் முழுக்க இஸ்திரிப் பெட்டி பக்கத்துல நிக்கிறீங்க. அந்த ஜெல்லுக்குச் சூடே ஆகாது." துணி தேய்க்கும் அந்த அம்மாள், காய்ச்சல் வந்ததற்கே மன்னிப்புக் கேட்பவள்போலத் தலையாட்டுகிறாள். மூலையில் உறுமும் குளிர்பெட்டிக்குள் ஐயாவின் மதியச் சாப்பாடும் பழச்சாறும் சொகுசாகக் குளிர்கின்றன. ஜெல் ஊசிகளோ ஜன்னல் விளிம்பில், உச்சிவெயிலில், நாட்கணக்காகக் காய்கின்றன; அட்டைப்பெட்டியின் நீல எழுத்துகூட வெளுத்துவிட்டது. "சரி, இன்னொண்ணு போட்டுடலாம்" என்று பெருந்தன்மையோடு எட்டி ஓர் ஊசியை எடுத்தவர், சட்டென்று அதைக் கை மாற்றிக்கொண்டு விரல்களை ஊதுகிறார். "ஐயோ, சுட்டுடுச்சா டாக்டர்?" என்று பதறிவிட்டு, அந்த அம்மாள் முழங்காலை நீட்டுகிறாள்.