கைகண்ட சூடு

“சூடு இருக்கு புள்ள” என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான் சிலுவைமுத்து. மனைவி ஜோதிமேரியின் தொடையில் வைத்த கையை எடுக்க அவனுக்கு மனமே வரவில்லை.

டயாலிசிஸுக்கு ஊசி குத்த இரண்டு கைகளிலும் தோலுக்கடியில் குழாய் வைத்துப் பார்த்தாயிற்று, இரண்டும் அடைத்துக்கொண்டன. கடைசியாகத் தொடைக்குள் வைத்திருந்தார்கள். இதுவும் போனால் வேறு இடமில்லை என்று டாக்டரம்மா முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

ரத்தம் ஓடினால் தோலுக்கு மேலே கிர்ரென்று அதிரும், தினமும் தொட்டுப் பாருங்கள் என்று நர்ஸ் அவன் கையைப் பிடித்து வைத்துக் காட்டினாள். முப்பது வருஷம் கடலில் வலைக்கயிறு இழுத்துக் காய்த்துப்போன உள்ளங்கைக்கு அதிர்வாவது ஒன்றாவது! தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டான் பாவி மனுஷன்.

ஆனால் ஒன்று அவனுக்குத் தெரியும். கைக் குழாய் அடைத்த அன்று அந்த இடம் சில்லென்று கிடந்தது. சில்லிட்டால் செத்தது, சுட்டால் உயிர். இதற்குப் படிப்பா வேண்டும்?

வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து பாம்பன் திரும்பியதிலிருந்து தொடை நன்றாகவே சுட்டது. சிவந்து மினுங்கவும் செய்தது. ரத்தம் பிய்த்துக்கொண்டு ஓடுகிறது என்று பூரித்துப்போனான். சூடு கொஞ்சம் குறைந்தாற்போல் தோன்றினாலும் உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தான். கடலுக்குக்கூடப் போகவில்லை.

சித்திரை வெயிலில் ஊரே வேர்த்து வழிந்தது. ஜோதிமேரி மட்டும், “குளுருதுங்க” என்று இன்னொரு போர்வை கேட்டாள். கஞ்சியையும் தள்ளிவிட்டாள். டயாலிசிஸ் அசதி என்று அவன் இழுத்துப் போர்த்திவிட்டான்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் போர்வையை விலக்கி விரலால் அழுத்திப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் மாறியது.

“குழாய் நெடுக சீழ் கட்டியிருக்கு. இன்னைக்கே வெளிய எடுத்தாகணும்” என்று நர்ஸிடம் தணிந்த குரலில் சொன்னார். வாசலில் நின்ற சிலுவைமுத்துவுக்கு அது கேட்கவில்லை.

அவனை உள்ளே கூப்பிட்டு, எத்தனை நாளாக இப்படிச் சுடுகிறது என்று கேட்டார். ஒருவழியாகக் கேட்டார்களே என்று அவனுக்கு மனசு நிறைந்துவிட்டது. காய்த்த கைகளைக் கட்டிக்கொண்டு பெருமையாகச் சொன்னான்.

“நாலு நாளா, டாக்டரம்மா. நான் ஆறவே விடலை.”