சத்தம் போடாத டிஸ்க்

"அந்த டிஸ்க் எனக்கு வேணும் சார்."

கேட்டுவிட்டாள்.

கேட்கவே கூடாது என்று சொல்லித்தான் அம்மா வேலைக்கு அனுப்பியிருந்தாள். குடுத்தா வாங்கிக்க, நீயா வாயத் திறந்து கேட்டுராத. வீட்டின் முதல் பட்டதாரிக்கு அம்மா கொடுத்த சீர்வரிசை அதுதான்.

மேசைமேல் கிடந்தது, கம்ப்யூட்டரில் மாட்டும் அந்தப் புது டிஸ்க். உள்ளங்கையில் பாதி. சுற்றும் தட்டு இல்லை, விசிறி இல்லை, ஒரு முனகல் இல்லை.

தேர்ந்தெடுத்தவளும் அவள்தான்.

"சத்தமே வரக் கூடாது. தொட்டா தொறக்கணும். நல்லா பாத்து வாங்கிட்டு வாம்மா" என்று அனுப்பினார் சார், சினிமாவுக்கு இசையமைப்பவர். அடுத்த படத்துக்கு என்றார். அடுத்த படத்தில் கீபோர்டில் நீதான் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான்கு நாள் உட்கார்ந்து படித்தாள். ரிச்சி தெருவில் ஐந்து கம்ப்யூட்டர் கடை ஏறினாள். பெட்டிமேல் பெரிதாக அச்சடித்திருந்த வேகத்தை நம்பவில்லை. ஆயிரம் சின்னக் கோப்புகளை ஒரே நேரத்தில் எடுத்துத் தருமா என்று ஓடவிட்டுப் பார்த்தாள். காதை வைத்துக் கேட்டாள்.

"என்னம்மா, டிஸ்க்குக்கு நெஞ்சுச் சளியா?" என்றார் கடைக்காரர்.

சிரித்தாள். அன்றைக்குச் சிரிப்பு சுலபமாக வந்தது.

இன்றைக்கு கீபோர்டுக்கு முன்னால் இருந்த நாற்காலியில் ஷ்ரவ்யா.

சாரின் அக்கா மகள். வெளிநாட்டில் இசை படித்துவிட்டுப் போன வாரம் வந்து இறங்கியவள்.

கெட்டவளாக இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். "அக்கா, இதெல்லாம் நீங்களே ரெக்கார்ட் பண்ணதா? செம்ம!" என்று சொல்கிறவள். உண்மையாகவே சொல்கிறவள். யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவள்.

மேசைக்கு அடியில் இவளுடைய பழைய டிஸ்க் கரகரத்தது. முதல் சம்பளத்தில் இவளே வாங்கியது. மைக் திறந்திருக்கும்போது அதைத் துண்டில் சுற்றி, நீள வயரில் மாட்டி, கதவுக்கு வெளியே வைக்க வேண்டும். பதிவு செய்த ஒலிகளைக் கோத்த ஒரு வாத்தியம் கம்ப்யூட்டரில் திறக்க நாலு நிமிடம். போய் டீ குடித்துவிட்டு வரலாம். மூன்று வருடம் அப்படித்தான் குடித்தாள்.

அதிலிருந்து புதியதற்கு ஒலிகள் ஏறிக்கொண்டிருந்தன.

முதலில் குடங்கள்.

தண்ணீர் லாரிக்கு அவள் தெருவில் வரிசையில் நிற்கும் பிளாஸ்டிக் குடங்கள். காலிக் குடத்தின் அடியில் உள்ளங்கையால் தட்டினால் வயிற்றுக்குள் இறங்கும் சத்தம். பதினாலு வீட்டில் இரவல் கேட்டாள். மெல்ல, நடுவாக, ஓங்கி. ஒவ்வொன்றும் நான்கு தடவை. ஒரே தட்டலைத் திரும்பத் திரும்பப் போட்டால் மிஷின் தட்டுவதுபோல இருக்கும். கோப்புகளுக்குக் குடத்துக்காரிகளின் பெயர் வைத்தாள். மல்லிகா மெல்ல மூன்று. பொற்கொடி ஓங்கி ஒன்று.

"உங்கிட்டதான் ஒண்ணு இருக்கே. பழகிட்டல்ல" என்றார் சார் அவள் டிஸ்க் கேட்டதற்கு, போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீ வெளிய போ, புதுசு புதுசா சத்தம் புடிச்சிட்டு வா. அதுல உன்ன அடிச்சிக்க ஆள் இல்ல. வாசிக்கிறத இவ பாத்துக்குவா."

ஷ்ரவ்யா கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினாள்.

குடம் அதிர்ந்தது.

நாலு நிமிடம் காக்கவைத்த சத்தம், அந்த விரலுக்குக் கூப்பிட்டதும் ஓடி வந்தது.

இவளுக்குப் பொற்கொடியின் குடத்தின்மேல் கோபம் வந்தது. அப்படி என்னடி அவசரம் உனக்கு.

"தேடறதுக்கு ஈசியா வச்சிடறேன்" என்று ஷ்ரவ்யா எதையோ தட்டினாள். புதிய டிஸ்க்கில் எல்லாப் பெயர்களும் ஒரு நொடியில் மாறின. குடமெல்லாம் இங்கிலீஷில் 'பாட்' ஆனது. பாட் ஒன்று. பாட் இரண்டு. நூற்று அறுபத்தெட்டு வரை.

வேகமான டிஸ்க்தான்.

வாத்தியத்தை மூடித் திறந்தாள் ஷ்ரவ்யா. கட்டையை அழுத்தினாள்.

ஒன்றும் வரவில்லை. திரையில் சிவப்புப் பட்டி. ஒலி காணவில்லை.

வாத்தியம் பழைய பெயரைச் சொல்லித்தான் கோப்பைத் தேடும். பெயர் மாறினால் ஊமையாகிவிடும். இந்த வேலையில் எல்லோரும் ஒருமுறை செய்கிற தப்பு. இவள் செய்த அன்று சார் நாள் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது வாய்விட்டுச் சிரித்தார்.

"அக்கா, எது யாரோடதுன்னு சொல்லுங்களேன். ப்ளீஸ்."

இவள் மேசைக்கு அடியில் குனிந்தாள். பாதியில் இருந்த நகலை நிறுத்தினாள். பழைய டிஸ்க்கை முறைப்படி விடுவித்து, சுழற்சி அடங்கும்வரை அதன்மேல் கையை வைத்திருந்தாள். சுட்டது. வயரைச் சுருட்டினாள். குடங்களின் பெயர் மாறாமல் இருந்த அந்த ஒரே டிஸ்க்கைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

சார் போனைக் கீழே வைத்தார்.

"என்னம்மா இது, சின்னப்புள்ளத்தனமா? சரி, புதுச நீயே வச்சிக்க. அவளுக்கு வேற வாங்கிக்கலாம். போதுமா?"

"அத வச்சிக்கிட்டு நான் எங்க சார் உக்கார்றது?"

ஷ்ரவ்யா சட்டென்று எழப் பார்த்தாள்.

சாரின் கை ஷ்ரவ்யாவின் தோளில் விழுந்து, மெதுவாக, திரும்ப உட்காரவைத்தது.

அந்தக் கையை இவள் பார்த்தாள். பார்க்காவிட்டாலும் ஒன்றும் மாறியிருக்காது. பை ஏற்கெனவே தோளில் இருந்தது.

வெளியே மணி மூன்றுகூட ஆகவில்லை. இந்நேரம் பஸ்ஸில் கூட்டம் இருக்காது. பையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலோரமாக உட்கார்ந்தே போகலாம்.