மாதாவின் மோவாய்

திருவிழாவுக்காக சாந்தோம் குப்பத்துக் கெபியை, மாதாவின் அந்தச் சின்னக் குகைக்கோயிலை, கழுவப் போன மரியசெல்வம், மாதா சொரூபத்தைக் கைநழுவ விட்டான். சுறாவையே வெறுங்கையால் பிடித்ததாகப் பீற்றிக்கொள்ளும் கைகள் அவை. மாதாவின் மோவாயில் ஒரு சில்லு பெயர்ந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை. விரிசல் அடைக்கும் எம்-சீல் பசையை அப்பி, மன்னிப்பும் கேட்டுவிட்டு, நல்ல பிள்ளையாக வீட்டுக்கு வந்தான்.

மறுநாள் சவரம் செய்கையில் அவன் மோவாயில் ஒரு தழும்பு இருந்தது. வெளுத்து, என்றோ ஆறிப்போன தழும்பு.

கெபிக்கு ஓடினான். மாதாவின் மோவாய் வழவழவென்று முழுசாக இருந்தது. காய்ந்த எம்-சீல் அவள் காலடியில் கிடந்தது.

திரும்பும் வழியில் கூட்டாளி குப்பனிடம் தழும்பைக் காட்டினான்.

"அதுக்கு இன்னா மச்சி? சுறா கடிச்சதுன்னு வருசக்கணக்கா நீதான கத வுட்டுக்கினு கீற?"

வீட்டில் அவன் மனைவி அனு சங்கரா மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தாள்.

"அனு, வெளயாடாம சொல்லு. இந்தத் தழும்பு எனக்கு எப்பிடி வந்துச்சி?"

அவள் நிமிரவில்லை.

"சுறா கதையெல்லாம் ஊருக்குத்தான்யா. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே எங்கிட்ட நெஜத்த சொல்லிட்டியே. 'மாதாவைக் கீழ போட்டுட்டேன், அவங்க காயம் எனக்கு வந்துடுச்சி'ன்னு."